ஷேக்ஸ்பியரைப் பீக்கிங் ஓப்பராவிலும் பான்சோரியிலும் ஏற்றும்போது மாறுவது கதையா, கலைவடிவமா?

மேடைவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாடகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கிழக்காசிய அரங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதற்காக, மேற்கத்தியக் கதைகளைத் தங்கள் மரபு வடிவங்களோடு சேர்த்து நிகழ்த்திய சில நாடகங்களின் பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். தைவானின் வூ சிங்குவோ 1986இல் மேக்பெத் கதையைப் பீக்கிங் ஓப்பராவாக்கிய 'வேட்கையின் இராச்சியம்', ஜப்பானில் யூக்கியோ நினாகாவா 1980இல் முதன்முதலாக மேடையேற்றிய மேக்பெத், கொரியாவின் தேசிய சாங்கூக் (பல பாடகர்கள் நடிக்கும் இசைநாடகம்) குழுவுக்காகச் சிங்கப்பூர் இயக்குநர் ஓங் கெங் சென் 2016இல் உருவாக்கிய 'டிராய் நகரப் பெண்கள்' ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

பார்க்கும்போது பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்து முடித்தபின் எழுந்த ஓர் ஐயம் இன்னும் தீரவில்லை. கதை முழுவதும் மேற்கிலிருந்து வருகிறது; பட்டு உடை, முகவண்ணம், முரசு, செர்ரிப்பூ ஆகியவை கிழக்கிலிருந்து வருகின்றன. இதைக் கலப்பு என்று சொல்வது பொருந்துமா, அல்லது ஷேக்ஸ்பியருக்குப் போர்த்திய பொன்னாடை என்றுதான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. சீனம், ஜப்பான், கொரியா ஆகிய மூன்று நாடுகளிலும் சொந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லாதபோது, ஏன் திரும்பத் திரும்ப மேக்பெத், லியர், கிரேக்கத் துன்பியல் என்றே போகிறார்கள்? எடின்பரோ, இலண்டன் விழாக்களின் அழைப்புதான் நோக்கமா? இவற்றைக் கூர்ந்து கவனித்தவர்கள் விளக்கினால் என் பேச்சுக்கு உதவியாக இருக்கும்.

மூன்றாம்மணி எழுதியது:

பொன்னாடை என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் அதற்கான விடையைக் கதையிலோ உடையிலோ தேடினால் கிடைக்காது என்பது என் கருத்து. நடிகரின் பயிற்சியில்தான் தேட வேண்டும்.

பீக்கிங் ஓப்பராவில் ஒருவர் எந்தப் பாத்திரத்தை ஏற்பதற்கும் முன்பாக ஒரு பாத்திரவகைக்குள் வளர்க்கப்படுகிறார். ஆண் பாத்திரங்களுக்கு 'ஷெங்', பெண் பாத்திரங்களுக்கு 'டான்', முகம் முழுவதும் வண்ணக்கோலம் தீட்டிய வல்லமையாளர்களுக்கு 'ஜிங்', விதூஷகர்களுக்கு 'சோவ்' என நான்கு பெரும் பிரிவுகளும், அவற்றுக்குள் பல உட்பிரிவுகளும் உள்ளன. பத்துப் பன்னிரண்டு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேரும் பிள்ளையின் குரல், நடை, விரல், பார்வை அனைத்தும் ஏதேனும் ஓர் உட்பிரிவுக்கென்றே பழக்கப்படுகின்றன. குலமகளாக நடிக்கும் 'சிங்யீ' நடிகை பெரும்பாலும் பாட்டினாலேயே பாத்திரத்தை நிறுவுவார். அடிகள் சிறியவையாகவும் கைகள் உடலருகே ஒடுங்கியும் இருக்கும். துடுக்கான பெண்ணுக்கு 'ஹுவாடான்' என்றும், சீறும் பெண்ணுக்குப் 'போலாடான்' என்றும் வேறு பயிற்சிகள் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் மேக்பெத்தின் மனைவியை எங்கே வைப்பது? அவள் உயர்குடிப் பெண். ஆனால் கொலைக்குத் தூண்டுகிறாள். கணவனைக் கொஞ்சுகிறாள், ஏளனம் செய்கிறாள், இறுதியில் சித்தம் கலங்குகிறாள். எந்த ஓர் உட்பிரிவும் அவளைத் தாங்காது. 'வேட்கையின் இராச்சிய'த்தில் அவ்வேடமேற்ற வெய் ஹைமின் சிங்யீ பயிற்சியில் ஊறியவர். அவர் மூன்று உட்பிரிவுகளின் அசைவுகளையும் குரலையும் ஒரே பெண்ணுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. பதிவில் அவர் கணவனை ஏவும் காட்சியை மீண்டும் பாருங்கள். நீண்ட அங்கி தரையில் புரள, குலமகளின் நிதானத்தோடு நடந்து வருபவர், திரும்பும் ஒரு கணத்தில் அந்த நடையை உதறிவிட்டு வேறொருத்தியாகிவிடுகிறார். மேற்கத்தியப் பார்வையாளருக்கு அது அழகான அசைவு மட்டுமே. இந்த மரபை அறிந்தவருக்கு அது இலக்கண மீறல். வூ சிங்குவோவும் அவ்வாறே போர்வீரன், நடுவயது ஆடவன், வண்ணமுகம் ஆகிய மூன்று வகைகளின் கூறுகளைச் சேர்த்துத் தம் தளபதியை உருவாக்கினார். ஷேக்ஸ்பியரின் கதை இங்கே பயன்பட்டது இதற்குத்தான். உள்ளிருந்த எந்தக் கதையாலும் அசைக்க முடியாத ஒரு வகைப்பாட்டை வெளியிலிருந்து வந்த கதை அசைத்தது.

இதற்குத் தைவானின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பீக்கிங் ஓப்பராவை அக்காலத்தில் பெரிதும் காத்து வந்தவை இராணுவத்தின் ஆதரவில் இயங்கிய குழுக்கள். 1949இல் சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களே அவற்றின் முதன்மை இரசிகர்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, இளைஞர்கள் வரவில்லை. வூ சிங்குவோ அத்தகைய குழு ஒன்றில் இருந்தவர். அதே நேரத்தில் லின் ஹுவாய்மினின் கிளவுட் கேட் நடனக்குழுவில் நவீன நடனமும் ஆடியவர். 1986இல் அவர் தொடங்கிய சமகாலத் தொன்ம அரங்கின் முதல் படைப்பே இந்த மேக்பெத். அயல்நாட்டு விழாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. தைப்பேயின் இளம் பார்வையாளரைத் திரும்ப அழைத்துவரச் செய்யப்பட்டது. இலண்டன் தேசிய அரங்குக்கு அது சென்றது 1990இல்தான்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவா மேக்பெத்தைத் தழுவி எடுத்த 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இந்நாடகம் வெளிப்படையாகவே கடன்பட்டிருக்கிறது. மூன்று சூனியக்காரிகளுக்குப் பதில் ஒரே ஓர் ஆவி வருவதும், தளபதி தன் படையினராலேயே அம்பெய்து கொல்லப்படுவதும் அங்கிருந்து வந்தவை. குரோசவாவோ தம் படத்துக்கு ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோ அரங்கின் முகமூடியையும் அசைவையும் எடுத்தாண்டவர். ஆக, இங்கே ஷேக்ஸ்பியர் நேராக இங்கிலாந்திலிருந்து வரவில்லை. ஜப்பானின் திரையரங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். இறுதிக் காட்சியில், தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியும் கனத்த போருடையும் அணிந்த நிலையில் உயர்ந்த மேடையிலிருந்து வூ பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து இறங்குவார். அது மட்டும் முழுக்க முழுக்கப் பீக்கிங் ஓப்பராவின் சொத்து.

அதே 1986இல் ஷாங்காயிலும் ஒரு மேக்பெத் தோன்றியது. சீனாவின் முதல் ஷேக்ஸ்பியர் விழாவையொட்டி, இயக்குநர் ஹுவாங் ஸுவோலினின் வழிகாட்டலில், ஷாங்காய் குன்ச்சூ குழு 'குருதிக் கை' என்ற பொருள்படும் பெயரில் அதை நிகழ்த்தியது. குன்ச்சூ பீக்கிங் ஓப்பராவுக்கு முந்திய, அதைவிட நுணுக்கமான இசைநாடகம். அங்கே கதையை வடிவத்துக்குள் பொருத்தினார்கள். சூனியக்காரிகள் விதூஷக நடிகர்களானார்கள். அவர்களுள் சிலர் குந்தியமர்ந்த நிலையிலேயே நடக்கும் குள்ள நடையில் மேடை முழுவதும் திரிந்தார்கள். மனைவியின் பித்துக் காட்சியில் ஆவிகள் வாயிலிருந்து நெருப்பை உமிழ்ந்தன. எல்லாமே ஏற்கெனவே கைவசம் இருந்த வித்தைகள். அழகில் அதுவே மேலானது என்று சொல்வோர் உண்டு. நானும் மறுக்க மாட்டேன். ஆயினும் அந்நாடகத்துக்குப் பின்னும் குன்ச்சூ அப்படியே இருந்தது. தைவானின் நாடகத்துக்குப் பின் பீக்கிங் ஓப்பரா அப்படியே இருக்க முடியவில்லை. கலப்பு என்ற சொல்லை நான் தைவானின் நாடகத்துக்குத்தான் தருவேன்.

உங்கள் பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் காட்ட இடமிருந்தால், வூ தனியாளாக நடிக்கும் லியர் நாடகத்தின் முதற்பகுதியைக் காட்டுங்கள். 2001இல் முழு வடிவம் பெற்ற அந்நாடகத்தில் பத்துப் பாத்திரங்களை அவர் ஒருவரே ஏற்கிறார். பாரிஸில் பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனுஷ்கினின் குழுவோடு அவர் நடத்திய பயிற்சிப் பட்டறையில் அதன் விதை விழுந்தது. புயற்காட்சி முடிந்ததும் அவர் மேடையிலேயே தலைக்கவசத்தையும் நீண்ட வெண்தாடியையும் களைந்து, முகவண்ணத்தைத் துடைத்துவிட்டு, 'நான் யார்?' என்ற லியரின் கேள்வியைத் தம் சொந்தக் குரலில் கேட்கிறார். பீக்கிங் ஓப்பராவில் ஒப்பனை கலையும் இடம் மேடைக்குப் பின்புறம் மட்டுமே. வூவின் ஆசான் அவரைச் சீடரல்ல என்று விலக்கியவர், 2000இல் இறந்துபோனார். தந்தையைப் பற்றிய நாடகம் அங்கே குருவைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. இதைப் பார்த்தபின் பொன்னாடை என்று எவரும் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பனையறை எழுதியது:

மூன்றாம்மணி அவர்களின் விளக்கம் பீக்கிங் ஓப்பராவுக்கு முற்றிலும் பொருந்துகிறது. ஜப்பானுக்கு அதே அளவுகோலை எடுத்துச் செல்ல முடியாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். நினாகாவாவின் நடிகர்கள் மரபுக் கலைஞர்கள் அல்லர். பெரும்பாலும் நவீன உரைநாடக, திரைப்பட நடிகர்கள். அவர்கள் பேசியது யூஷி ஒடாஷிமாவின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. பாத்திரங்களின் பெயர்களைக்கூட மாற்றவில்லை. சாமுராய் உடை அணிந்த ஒருவரை 'மேக்பெத்' என்றே விளிக்கிறார்கள். உடை மட்டும்தான் கிழக்கு என்று நீங்கள் ஐயுற்றதற்கு இதுவே சரியான எடுத்துக்காட்டு என்று முதற்பார்வையில் தோன்றும்.

மேடையமைப்பை ஒருமுறை கவனியுங்கள். அரங்கத்தின் முகப்பு முழுவதையும் அடைத்து நிற்பது ஒரு புத்சுதான். அதாவது ஜப்பானிய வீடுகளில் இறந்த முன்னோரை வணங்குவதற்காக வைத்திருக்கும் பௌத்த மாடத்தின் பேருருவம். கப்பா செனூ வடிவமைத்தது. நாடகம் தொடங்கும்முன் கூன்விழுந்த இரண்டு கிழவிகள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வந்து, வணங்கி, அந்த மாடத்தின் பெருங்கதவுகளைத் திறக்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்துகொண்டு, நாடகம் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள்; கொண்டுவந்த உணவை உண்கிறார்கள், சில இடங்களில் அழுகிறார்கள். கடைசியில் கதவை மூடுபவர்களும் அவர்களே. ஷேக்ஸ்பியரின் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் யார் யாருக்கு இக்கதையைச் சொல்கிறார்கள் என்பது மாறிவிட்டது. மேக்பெத் ஸ்காட்லாந்தின் கொடுங்கோலன் என்ற நிலையிலிருந்து, நம் குடும்பத்து மாடத்துக்குள் இருக்கும் இறந்துபோன ஒருவன் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். தம் வீட்டு மாடத்தின் முன் இறந்த தந்தையிடம் பேசிக்கொண்டிருந்தபோது தமக்கு இவ்வெண்ணம் தோன்றியதாக நினாகாவா கூறியிருக்கிறார்.

செர்ரிப்பூக்களைப் பற்றிய உங்கள் முகச்சுளிப்பில் எனக்கும் பங்குண்டு. பர்னம் காடு பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களாக நகர்ந்து வருவதும், அதற்குப் பின்னணியில் ஃபோரேயின் இரங்கல் இசையும் சாமுவேல் பார்பரின் அடாஜியோவும் ஒலிப்பதும் என் கண்ணுக்குச் சற்று மிகை. ஆனால் மேற்கத்திய இசை அங்கே வருவதை அயலாருக்கான சலுகை என்று கொள்ள முடியாது. அந்தத் தலைமுறை ஜப்பானியர் வளர்ந்ததே மேற்கத்திய இசையையும் கேட்டுத்தான்.

இன்னொரு செய்தி. இக்கலப்பைப் புதியது என்று உங்கள் பேச்சில் சொல்லிவிட வேண்டாம். 1885இலேயே ஒசாகாவில் வெனிஸ் வணிகனின் கதையைக் கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகமாக நிகழ்த்திவிட்டார்கள். 1903இல் ஒட்டோஜிரோ கவகாமி ஒதெல்லோவை மேடையேற்றியபோது, கதை வெனிஸிலிருந்து டோக்கியோவுக்கும், சைப்ரஸிலிருந்து அப்போது ஜப்பானின் குடியேற்றநாடாக இருந்த தைவானுக்கும் இடம்பெயர்ந்தது. தளபதி அங்கே ஆளுநராக அனுப்பப்படுகிறார். மேற்கத்தியக் கதையை எடுத்தாள்பவர் எப்போதும் ஆளப்பட்டவராகவே இருப்பார் என்ற எண்ணத்தை இந்த ஒரு நாடகமே கலைத்துவிடும். எட்டு ஆண்டுகளுக்கு முன் கைப்பற்றிய தீவை, ஷேக்ஸ்பியரைக் கொண்டு, தன் நாட்டவருக்கே விளக்கிக் காட்டிய அரங்கம் அது.

சுசுகி ததாஷியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1974இல் அவர் இயக்கிய 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தில் நோ மரபின் பெருங்கலைஞர் ஹிசாவோ கன்ஸே, சிற்றரங்க இயக்கத்திலிருந்து வந்த கயோகோ ஷிராயிஷி, நவீன உரைநாடக நடிகை எட்சுகோ இச்சிஹாரா ஆகிய மூவரும் ஒரே மேடையில் நின்றார்கள். மூன்று வேறு பயிற்சிகள், மூன்று வேறு குரல்கள்; அவற்றைச் சமன்செய்ய முயலவே இல்லை. போரில் அனைத்தையும் இழந்த ஒரு ஜப்பானியக் கிழவியின் மனத்துக்குள் டிராயின் அழிவு நிகழ்கிறது. பிள்ளைகளைக் காக்கும் தெய்வமான ஜிஸோ மேடை நடுவே அசையாமல் நின்றுகொண்டே இருக்கிறார்; எதையும் காப்பாற்றுவதில்லை. மூலத்தை எழுதிய கிரேக்கர் யூரிப்பிடிஸின் தேவர்கள் தொடக்கத்தில் வந்து பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே தெய்வம் கடைசிவரை இருந்தும் பயனில்லை. மூலத்தைவிடக் கடுமையான இடம் இது.

செவிவழி எழுதியது:

இருவரும் உடலையும் மேடையையும் பற்றியே பேசியிருக்கிறீர்கள். கேள்வி கேட்டவர் கொரிய நாடகத்தையும் குறிப்பிட்டிருப்பதால், கதைசொல்லும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். இரு மரபுகள் உண்மையில் உரசிக்கொள்ளும் இடம் அதுதான்.

பான்சோரியில் ஒரு பாடகர், ஒரு முரசுக்காரர். வேறு எவரும் இல்லை. பாடகர் கையில் ஒரு விசிறி. அவரே கதையைப் பேச்சாகச் சொல்வார், அவரே பாத்திரமாகிப் பாடுவார், மறுகணம் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நம்மிடம் நையாண்டி செய்வார். முரசுக்காரரும் அவையோரும் 'ஒல்சூ', 'சோத்தா' என்று இடையிடையே குரல் கொடுப்பார்கள். அக்குரல் எழாத அவையில் பாடகர் சோர்ந்துவிடுவார். நம் கச்சேரியின் 'சபாஷ்' போன்றதே. ஆனால் மேற்கத்திய நாடக அரங்கின் ஒழுங்கு அவையோர் வாய்திறக்காமல் இருளில் அமர்ந்திருப்பதைக் கோருகிறது. எடின்பரோவிலோ நியூயார்க்கிலோ பான்சோரி அடிப்படையிலான நிகழ்ச்சியை நடத்துபவர்கள் முதலில் பார்வையாளருக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த மரபில் வளர்ந்த லீ ஜாராம் 2007இல் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் 'செசுவானின் நல்ல பெண்' நாடகத்தை எடுத்து 'சாச்சோன்கா' என்ற பான்சோரியாக்கினார். 2011இல் 'அன்னை துணிவு' நாடகத்தை 'உக்சுக்கா'வாக்கினார். பிரெக்டின் நாயகி நல்லவளாக வாழ முடியாமல், ஆண் வேடமிட்டுக் கறாரான உறவினனாகவும் வாழ்கிறாள். உரைநாடகத்தில் ஒரு நடிகை உடை மாற்றி வந்து அவ்விருவராகவும் நடிப்பார். பான்சோரியில் உடைமாற்றமே தேவையில்லை. நாயகி, உறவினன், தேவர்கள், ஊரார் அனைவருமே ஏற்கெனவே ஒரே தொண்டைக்குள் இருக்கிறார்கள். பாத்திரத்துக்குள் முழுதாக மூழ்காதே, வெளியே நின்று காட்டு என்று பிரெக்ட் தம் நடிகர்களிடம் வற்புறுத்திக் கேட்டதைப் பான்சோரிப் பாடகி பிறவிக் குணம்போல் செய்துவிடுகிறார்.

பிரெக்டுக்கு அந்த எண்ணம் வலுப்பட்டதில் கிழக்குக்குப் பங்குண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1935இல் மாஸ்கோவில் பீக்கிங் ஓப்பரா நடிகர் மெய் லான்ஃபாங் நடித்துக் காட்டியதை அவர் நேரில் பார்த்தார். சீன நடிப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அதிலிருந்து பிறந்தது. மெய்யின் கலையை அவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பது வேறு வழக்கு. சீன அறிஞர்கள் பலர் இல்லை என்றே சொல்வார்கள். அப்படியே இருந்தாலும் சீனத்திலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ஒன்று, சீனத்தைக் கற்பனைக் களமாகக் கொண்ட ஒரு ஜெர்மானிய நாடகமாகி, கொரியாவுக்குப் பாட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. இதில் கதை மேற்கு, வடிவம் கிழக்கு என்று கோடு போடுவது எப்படி?

ஓங் கெங் சென்னின் 'டிராய் நகரப் பெண்க'ளைப் பற்றி: சாங்கூக் என்பதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய உள்ளரங்குகளுக்காகப் பான்சோரியின் ஒற்றைக் குரலைப் பல நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்து உண்டான வடிவம். காலப்போக்கில் அதில் பெரிய வாத்தியக்குழு, காட்சியமைப்பு எல்லாம் ஏறிவிட்டன. ஓங் செய்தது சேர்ப்பதல்ல, கழிப்பது. மூத்த பான்சோரிக் கலைஞர் ஆன் சூக்சன் பாட்டமைக்க, முதன்மைப் பாத்திரங்களுக்கு ஒரு குரலுக்கு ஒரு வாத்தியம் என்ற பழைய கட்டுப்பாட்டை மீட்டார். ஹெலனுக்கு மட்டும் விலக்கு. அவ்வேடத்தை ஏற்றவர் கிம் ஜுன்சூ என்ற ஆண் பாடகர். அவருக்குப் பின்னால் ஒலிப்பது ஜுங் ஜேயிலின் பியானோ. எந்தப் பக்கத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லாத பெண்ணை, பாலும் வாத்தியமும் ஒருசேரப் பிரித்துக் காட்டிவிடுகின்றன. மேற்கத்திய ஒலி இங்கே அலங்காரமாக வரவில்லை. அந்நியத்தின் குறியாக வருகிறது. மேற்கத்திய நாடகங்களில் கிழக்கின் மணியோசைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் வேலை இது.

மேடைவாசல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிழவிகளையும் பியானோவையும் நான் பார்த்திருந்தேன், கவனிக்கவும் தவறவில்லை. ஆனால் அவற்றை இக்கேள்வியோடு இணைத்துப் பார்க்கவில்லை. ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இதுவரை பேசியவை ஒரு நாட்டின் ஒரு மரபு ஒரு மேற்கத்தியக் கதையைச் சந்திக்கும் நாடகங்கள். ஓங் கெங் சென்னின் பழைய படைப்புகளில் பல நாட்டு மரபுகளை ஒரே மேடையில் நிறுத்தியதாகப் படித்தேன். அதற்குக் கடுமையான எதிர்ப்பும் வந்ததாமே?

சிங்கை வாசகி எழுதியது:

நீங்கள் குறிப்பிடுவது 1997இல் டோக்கியோவில் அரங்கேறிய லியர். ஜப்பான் அறக்கட்டளையின் ஆசிய மையம் ஆதரவளித்தது. ரியோ கிஷிதா என்ற ஜப்பானியப் பெண் நாடகாசிரியர் எழுதினார். தந்தையாக நோ கலைஞர் நாவோஹிகோ உமெவாகா. மூத்த மகளாகப் பீக்கிங் ஓப்பராவில் பெண்வேடம் ஏற்கும் ஆண் நடிகர் ஜியாங் சீஹு. ஏறத்தாழப் பேசாத இளைய மகளாக ஒரு தாய்லாந்து நடனக் கலைஞர். இந்தோனேசிய, மலேசியக் கலைஞர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் மொழியில் பேசி, தம் மரபில் அசைந்தார்கள். மூத்த மகள் தந்தையைக் கொல்கிறாள். மூலத்தில் இல்லாத தாயின் நினைவு நாடகம் முழுவதும் அலைகிறது.

ஜப்பானிய மரபு தந்தையாகவும், சீன மரபு அதிகாரத்தைப் பறிக்கும் மகளாகவும், தென்கிழக்காசியா வாயற்ற மகளாகவும் நிற்பதில் அரசியல் உவமை தெளிவாகவே இருந்தது. ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தைக் கடுமையாக விமரிசித்தவரும் இந்திய அரங்கச் சிந்தனையாளருமான ருஸ்தம் பரூச்சா இதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு மரபையும் அது வளர்ந்த மண்ணிலிருந்து பிடுங்கி, பளபளப்பான காட்சிப்பொருளாக அருகருகே அடுக்கினால் அவற்றுக்குள் உரையாடல் நிகழ்ந்துவிடாது என்ற திசையில் அமைந்தது அவருடைய எதிர்ப்பு. 2016இல் ஓங் ஒரே மரபுக்குள், அதுவும் கழித்துக் கழித்து வேலை செய்ததை இந்த விமரிசனத்தோடு சேர்த்துப் படிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பரூச்சாவுக்குப் பணிந்தார் என்று சொல்ல வரவில்லை. 20 ஆண்டுகளில் இயக்குநரின் பார்வை வேறாகியிருக்கிறது.

சிங்கப்பூரில் மொழிகளை அருகருகே நிறுத்துவதற்கு இதைவிட எளிய, எனக்கு இதைவிட நெருக்கமான முன்னோடி ஒன்று உண்டு. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய 'அம்மா பூனையைத் தேடுகிறாள்'. மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ், ஹொக்கியன் முதலிய மொழிகள் எல்லாம் அதில் ஒலிக்கும். ஹொக்கியன் என்ற தென்சீன மொழி மட்டுமே தெரிந்த கிழவி, தன் பிள்ளைகளோடு பேச முடியாமல், காணாமற்போன பூனையைத் தேடித் தெருவில் அலைகிறாள். அங்கே தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் பூனையைத் தொலைத்தவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அவர் தம் பூனையின் வாலைக் கையால் வரைந்து காட்டுகிறார். அவள் அதன் குரலை எழுப்பிக் காட்டுகிறாள். சிறிது நேரத்தில் இருவரும் நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். பிரெக்டின் தாக்கம் குவோவிடம் வலுவாக இருந்தது. 'காக்கேசிய வெண்கட்டி வட்ட'த்தை அவர் மொழிபெயர்த்து இயக்கியும் இருக்கிறார். ஆயினும் இந்தக் காட்சியில் எந்த மரபின் முத்திரையும் இல்லை, பட்டுமில்லை, முரசுமில்லை. கிழக்கு மேற்கு என்று பிரித்துக்கொண்டே போகும் பேச்சில் இதற்கு இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை, கிடைத்தால் நல்லது.

மூன்றாம்மணி எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எவரும் நேராக விடை சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழா அழைப்பு ஒரு காரணமாக இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் அயல்நாட்டுப் பார்வையாளர் மொழிபெயர்ப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காமல் நடிகரைப் பார்ப்பார். அழைப்பவர்களும் இதை அறிந்தே அழைக்கிறார்கள். அதைத் தாண்டி, மேக்பெத்தில் போர், ஆவி, விருந்து, பித்து ஆகிய நான்கும் இருக்கின்றன. இவை நான்குமே கிழக்காசிய இசைநாடகங்களுக்குக் கைவந்த காட்சிகள். ஹாம்லெட்டை ஏற்றுவது இதைவிடக் கடினம். அதில் நாயகன் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறான்.

எதிர்த்திசைப் பயணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சீனாவின் யுவான் காலத்து நாடகமான 'ஷாவ் குலத்து அநாதை'யை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மொழிபெயர்க்க, அது 1735இல் அச்சாகி, 1755இல் வால்டேரின் நாடகமாகப் பாரிஸில் மேடையேறியது. செங்கிஸ்கான்கூட அதில் பாத்திரமாக வருகிறார். அதே கதையை இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2012இல் நிகழ்த்தியபோது, 17 நடிகர்களில் 3 பேர் மட்டுமே கிழக்காசிய வம்சாவளியினர் என்பதற்காகப் பெரும் கண்டனம் எழுந்தது. பொன்னாடைக் கேள்வியை அங்கேயும் கேட்கலாம். இன்னும் கடுமையாகவே கேட்கலாம்.

ஒரு நடைமுறை யோசனை. வெய் ஹைமினின் காட்சியைக் காட்டும்போது முதல்முறை ஆங்கில வரிகளை மறைத்துவிட்டு ஓடவிடுங்கள். எந்த இடத்தில் அவள் மாறுகிறாள் என்று அவையோரைக் கேளுங்கள். இரண்டாம்முறை வரிகளோடு காட்டுங்கள். பதிவுகளில் படக்கருவி அடிக்கடி முகத்துக்கு அருகே போய்விடுவதால் கால்கள் தெரியாமல் போகும். கால் தெரியும் பதிவாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.